மட்டை இயந்திரத்தின் பேரிங்: சோதிப்பது உழவர் வேலை

தென்னந்தோப்பில் உதிர்ந்த மட்டைகளை வரப்போரம் குவித்துத் தீ வைத்துவிடுவதே முன்பெல்லாம் வழக்கமாக இருந்தது. இப்போது பல ஊர்களில் மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் வந்துவிட்டது. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரங்கள் நிற்கும். காய்ப்பில் உள்ள மரம் மாதம் ஒன்று வீதம் ஆண்டுக்குச் சுமார் 12 மட்டைகளைக் கழிக்கும். ஆக, ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 840 மட்டைகள் சேருகின்றன. இவற்றைத் தூளாக்கி வட்டப்பாத்தியில் பரப்பினால் ஈரம் காயாது, களை அடங்கும், நாளடைவில் மக்கி எருவாகும். (குவியலாகப் போட்டு வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட இடம் கொடுத்ததாகிவிடும்; பரப்பித்தான் போடவேண்டும்.)

இயந்திரத்தின் பயனை இன்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியிருப்பது அதன் வயிற்றுக்குள் இருக்கும் 2 பேரிங்குகளைப் பற்றி. இயந்திரம் வாங்கியவர் பிளேடுகளைத் தீட்டக் கற்றுக்கொள்கிறார். பெல்ட் மாற்றக் கற்றுக்கொள்கிறார். கனத்த ஃபிளைவீல் சக்கரத்தைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் எவரும் கற்பிப்பதில்லை. "சத்தம் வந்தாலும் ஓடுதுல்ல அண்ணே, இந்தத் தோப்பு முடியட்டும்" என்று ஓட்டுநர் சொல்ல, தோப்புக்காரரும் சரி என்கிறார். அடுத்த தோப்பு முடிவதற்குள் ஷாஃப்ட் தேய்ந்து, சக்கரம் உறையில் உரசி, நூறு ரூபாய்க் கணக்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆயிரக் கணக்கில் போய் நிற்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. இயந்திரம் கொஞ்சம் அதிர்ந்தாலே "பேரிங் போச்சு" என்று பட்டறையில் சொல்லிவிடுகிறார்கள். புதுப் பேரிங் போட்டும் அதிர்ச்சி நிற்பதில்லை. ஏனெனில் குறை வேறிடத்தில் இருந்திருக்கிறது. இரண்டு வகையிலும் நஷ்டம் உழவருக்கே. பேரிங்கைக் கழற்றி மாட்டுவது மெக்கானிக்கின் வேலைதான். ஆனால் அது கெட்டிருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது இயந்திரத்தை அன்றாடம் ஓட்டுகிறவரின் வேலை. அதற்குக் கால் மணி நேரம் போதும். கருவி என்று பார்த்தால் ஒரு ஸ்பானரும் ஒரு மரக்கழியும் போதும்.

எடை மறைக்கும் ஆட்டம்

மட்டை இயந்திரத்தில் 2 முதல் 4 பிளேடுகள் ஒரு கனத்த இரும்புத் தட்டில் போல்ட் வைத்து முறுக்கப்பட்டிருக்கும். இந்தத் தட்டே ஃபிளைவீல். மட்டையின் அடிப்பகுதி உள்ளே போகும்போது ஏற்படும் திடீர்ச் சுமையை மோட்டார் ஒன்றே தாங்க வேண்டியதில்லை. சுழலும் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் சக்தி அந்த வெட்டை முடித்துக் கொடுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சக்தி நான்கு மடங்காகும். ஆகவே நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்தே அறியலாம்.

சக்கரம் பூட்டிய ஷாஃப்ட்டின் இரு பக்கமும் பேரிங் இருக்கும். சிறு இயந்திரங்களில் பெரும்பாலும் வார்ப்பிரும்பு உறையுடன் கூடிய பிளம்மர் பிளாக் பேரிங்தான். உறையிலோ பேரிங்கிலோ பொறித்துள்ள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை 5 ஆல் பெருக்கினால் ஷாஃப்ட்டின் குறுக்களவு மில்லி மீட்டரில் கிடைக்கும். 206 என்றால் 30 மி.மீ., 208 என்றால் 40 மி.மீ. இந்தக் கணக்குத் தெரிந்தவரிடம் கடைக்காரர் வேறு அளவைக் கொடுத்து அனுப்ப முடியாது.

இனி முக்கியமான விஷயம். வண்டிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது போல ஃபிளைவீலையும் கையால் ஆட்டிப் பார்த்து, "ஆடவில்லை, பேரிங் நன்றாக இருக்கிறது" என்று பலர் திருப்தி அடைந்து விடுகிறார்கள். இது ஏமாற்றும் சோதனை. சக்கரத்தின் எடை ஷாஃப்ட்டைப் பேரிங்கின் அடிப்புறத்தில் அழுத்தி உட்கார வைத்திருக்கிறது. தேய்மானம் எவ்வளவு இருந்தாலும் அந்த எடை அதை மறைத்துவிடும். கையால் ஆட்டினால் அசையாத சக்கரம், அடியில் கழி கொடுத்து நெம்பினால் "டொக்" என்று எழும்பும். அந்த எழும்பல்தான் தேய்மானம்.

40 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு உரிய புதுப் பால் பேரிங்கில் உள்ளிருக்கும் இடைவெளி ஒரு மில்லி மீட்டரை 100 பங்கிட்டால் அதில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கும். அது விரலுக்குத் தெரியாது. எனவே விரலுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால், "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நிறுத்தி வைத்துச் செய்யும் சோதனை

முதலில் பாதுகாப்பு. மின் மோட்டார் இயந்திரமானால் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். டிராக்டர் பி.டி.ஓ.வில் ஓடுவதானால் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு, இணைப்புத் தண்டையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபிளைவீல் வெகு நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் அடங்கியதைக் கேட்டு மூடியைத் திறக்கக் கூடாது. சக்கரம் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே திறக்க வேண்டும். வேட்டி, துண்டு, தளர்ந்த கைச்சட்டை எதுவும் இயந்திரத்தின் பக்கம் வரக் கூடாது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுற்ற வேண்டும். பிளேடு உள்ள பக்கம் கை போகக் கூடாது. நல்ல பேரிங் எண்ணெயில் நழுவுவது போல ஒரே சீராகச் சுழலும். கெட்ட பேரிங்கில் மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு புல்லி வழியாகக் கைக்கு வரும். ஓரிடத்தில் மட்டும் தடுக்கித் தடுக்கிப் போனால் ஓடுபாதையில் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். காதுக்குக் கேட்பதைவிடக் கைக்குத் தெரிவதே இங்கே நம்பத்தக்கது. சக்கரம் தடையின்றி நெடுநேரம் சுழல்கிறது என்பதை மட்டும் வைத்துப் பேரிங் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிரீஸ் அடியோடு வற்றிய பேரிங்கும் இலேசாகத்தான் சுழலும்.

அடுத்து நெம்பும் சோதனை. சக்கரத்தின் அடியில், பிளேடு இல்லாத இடமாகப் பார்த்து, கனமான மரக்கழியைக் கொடுத்து ஒருவர் மெல்ல நெம்ப வேண்டும். மற்றவர் ஷாஃப்ட்டும் பேரிங் உறையும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்திருக்க வேண்டும். கடப்பாரை வேண்டாம், இரும்பு வழுக்கும், சக்கரத்தையும் வடுப்படுத்தும். இரண்டு பேரிங்கையும் தனித்தனியே இப்படிப் பார்க்க வேண்டும். புல்லி இருக்கும் பக்கத்துப் பேரிங்தான் பெரும்பாலும் முதலில் தேயும். பெல்ட்டின் இழுவை முழுவதையும் அது தாங்குவதே காரணம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எழும்புவது எது என்று பார்க்க வேண்டும். உறையோடு சேர்த்து எல்லாம் எழும்பினால் அடிப்பலகை போல்ட் தளர்ந்திருக்கிறது. பேரிங்கின் மேல் குற்றமில்லை. பேரிங்கின் உள்வளையம் அசையாமல் ஷாஃப்ட் மட்டும் அதற்குள் அசைந்தால், பூட்டுத் திருகுகள் தளர்ந்து ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. இந்த நிலையில் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் நிற்காது. உள்வளையமும் ஷாஃப்ட்டும் ஒன்றாக எழும்பி, வெளிவளையம் மட்டும் நின்றால்தான் தேய்ந்தது பேரிங். பிளம்மர் பிளாக்கில் பேரிங் உறைக்குள் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சாய்வைத் தேய்மானம் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவதாக, ஷாஃப்ட் வாக்கில் சக்கரத்தை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பார்க்க வேண்டும். தட்டு வகை இயந்திரத்துக்கு இது மிகவும் தேவை. சுழலும் பிளேடுக்கும் அசையாத நிலைக்கத்திக்கும் இடையிலுள்ள இடைவெளி இந்த வாக்கில்தான் இருக்கிறது. சக்கரம் இந்த வாக்கில் ஆடினால் ஒரு சுற்றில் பிளேடு விலகி ஓடும். மறுசுற்றில் நிலைக்கத்தியில் மோதும். மோதி உடைந்த பிளேடுத் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேரிங் தேய்மானத்தைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மட்டை ஊட்டுகிற ஆள் நிற்பது இந்தச் சக்கரத்தின் எதிரில்தான்.

இடைவெளியைப் பார்க்கும்போது இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம். ஒரு பிளேடில் ஓர் இடைவெளியும் அடுத்த பிளேடில் வேறோர் இடைவெளியும் இருந்து, நெம்பினாலும் அவை மாறாவிட்டால் பிளேடு பூட்டியதில் குறை. ஒரே பிளேடின் இடைவெளி நெம்பும்போது மாறினால் பேரிங்கில் குறை. இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இயந்திரத்துடன் தரும் கையேட்டில் இருக்கும். பேரிங் ஆட்டத்தால் பிளேடு உரசுகிறதென்று நிலைக்கத்தியைத் தள்ளி வைத்து ஓட்டுகிற பழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. அப்படிச் செய்தால் மட்டை வெட்டுப்படாமல் நார் நாராகக் கிழியும். மோட்டாரின் சுமை கூடும். அந்தச் சுமை மறுபடி பேரிங்கின் மேலேயே வந்து விழும்.

ஓடும்போது தெரியும் குறிகள்

மட்டை ஊட்டாமல் வெறுமனே ஓடும்போது கேட்கும் சத்தத்தைக் காது பழக்கிக்கொள்ள வேண்டும். இயந்திரம் புதிதாக இருக்கும்போதே பழக்கிக்கொள்வது நல்லது. ஒரே சீரான இரைச்சல் குற்றமில்லை. இடையிடையே "கடகட" என்றோ, ஆட்டுக்கல் அரைப்பது போன்றோ, வேகம் குறைந்து நிற்கப் போகும் நேரத்தில் கரகரவென்றோ கேட்டால் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். பெல்ட் வழுக்கும்போது வருவது கிறீச்சொலி. பெல்ட்டைக் கழற்றினால் அது போய்விடும். பேரிங் ஒலி போகாது.

சூடு இன்னொரு குறி. அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, சக்கரம் நின்ற பிறகு இரண்டு பேரிங் உறையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இயல்பு. உள்ளங்கையைச் சில விநாடிகூட வைத்திருக்க முடியாவிட்டால் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். தண்ணீர் சொட்டு விட்டால் "சுர்" என்று ஆவியானால் 100 டிகிரிக்கு மேல்; அன்றைய வேலையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற இயந்திரத்தில் எல்லா இரும்பும்தான் சுடும். ஆகவே ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறை. ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது சுடுவதாகவும் இருந்தால், வெப்பமானி எதுவும் இல்லாமலே விடை கிடைத்துவிடுகிறது.

பேரிங்கின் ஓரத்தில் கசியும் கிரீஸும் செய்தி சொல்லும். அதை விரலில் எடுத்து வெயிலில் பார்க்க வேண்டும். கறுத்து, உள்ளே மினுமினுப்புத் தெரிந்தால் இரும்பு தேய்ந்து வருகிறது. செங்கல் நிறமானால் துரு. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கடைசி இரண்டும் மழையில் நனைய விட்ட இயந்திரங்களிலும், வேலை முடிந்ததும் பேரிங்கின் மேலேயே பம்பு செட்டுத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிய இயந்திரங்களிலும் தவறாமல் காணப்படும்.

பேரிங் மேல் விழும் வீண்பழி

அதிர்ச்சி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு உழவரிடம் விடை இருக்க வேண்டும். நாள்பட நாள்பட வளர்ந்ததா, அல்லது பிளேடு தீட்டிப் பூட்டிய அன்றே வந்ததா? அன்றே வந்ததானால் பேரிங்கைத் தொட வேண்டாம். பிளேடுகளின் எடை ஒத்திருக்கவில்லை.

இதை அற்பமாக நினைக்கக் கூடாது. எதிரெதிரே உள்ள இரண்டு பிளேடுகளில் ஒன்று மற்றதைவிட 50 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அது நடுவிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்து, சக்கரம் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றினால், ஷாஃப்ட்டை ஏறத்தாழ 17 கிலோ விசையுடன் ஒரு பக்கமாக இழுக்கும். அந்தப் பக்கமோ நிமிடத்துக்கு 1000 முறை சுற்றி வருகிறது. வேகம் 1500 சுற்றானால் இழுவை 38 கிலோவாகும். பேரிங்கின் ஆயுள் சுமைக்கு ஏற்ப மெதுவாகக் குறைவதில்லை. பால் பேரிங்கில் சுமை கால் பங்கு கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும். சுமை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். சாணைக்காரரிடம் ஒரு பிளேடை மட்டும் கொடுத்து நன்றாகத் தீட்டி வாங்கி வந்து மாட்டுகிறவர், தம் கையாலேயே பேரிங்கின் நாளைக் குறைக்கிறார். எல்லாப் பிளேடுகளையும் ஒன்றாகத் தீட்டி, மளிகைக் கடைத் தராசில் ஒன்றுக்கொன்று எதிரே வைத்து நிறுத்து, எடை ஒத்து வரும்வரை முதுகுப் பக்கத்தில் சாணை பிடித்துப் பூட்ட வேண்டும். போல்ட்டுகளும் ஒரே நீளம், ஒரே வகையாக இருக்க வேண்டும்.

வேகம் கூடக்கூட அதிர்ச்சியும் கூடினால் எடைப் பிசகையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கையால் மெல்லச் சுற்றும்போதே கரகரப்பு இருந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை அறிந்தாலே பாதி வீண்செலவு தவிரும். தளர்ந்த சட்டப் போல்ட்டுகள், வெல்டு விட்ட கால்கள், வளைந்த ஷாஃப்ட், பிளேடுக்கடியில் சிக்கிய நார் இவையும் அதிர்ச்சி தரும். மண்ணில் இழுத்து வந்த மட்டையில் ஒட்டிய மணல் பிளேடை வெகு சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய பிளேடு வெட்டாது, இடிக்கும். அந்த இடி முழுவதும் பேரிங்கிற்குத்தான் போகிறது. மட்டையைத் தரையில் உதறிவிட்டு ஊட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெல்ட் விஷயத்தில், வழுக்குகிறதே என்று இறுக்கிக்கொண்டே போவது பெரும் தவறு. இரண்டு புல்லிகளுக்கும் நடுவே 60 செ.மீ. இருந்தால், பெல்ட்டின் மத்தியில் கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 1 செ.மீ. தாழ வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கிய பெல்ட் புல்லிப் பக்கத்துப் பேரிங்கை நாள் முழுவதும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பழைய பேரிங்கைக் கேட்டு வாங்குக

பேரிங் மாற்றியதும் மெக்கானிக் பழையதைப் பட்டறை மூலையில் எறிந்துவிடுவார். அதை உழவர் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். எதனால் கெட்டது என்று அது தன் மேலேயே எழுதி வைத்திருக்கும். ஓடுபாதையில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் உழைத்துத் தேய்ந்தது. அதற்கு வருந்த வேண்டியதில்லை. நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் கிரீஸ் இன்றிக் காய்ந்தது. குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாக வரிசையாய்ப் பள்ளங்கள் இருந்தால், பூட்டும்போது சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். வெளிவளையத்தின் முதுகு கண்ணாடிபோல் பளபளத்தால், அது உறைக்குள்ளேயே சுழன்றிருக்கிறது. உறையையும் மாற்றாமல் பயனில்லை.

ஓடாமலே கெடும் பேரிங்கும் உண்டு. கரடுமுரடான பாதையில் டிராக்டருக்குப் பின்னால் 10, 15 மைல் இழுத்துச் செல்லப்படும் இயந்திரத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே நின்று குலுங்குகிறது. குண்டுகள் தாம் உட்கார்ந்த இடத்தையே தேய்த்துப் பள்ளம் செய்துவிடும். வாடகைக்கு ஊர் ஊராய்ப் போகும் இயந்திரங்களில் இதைப் பார்க்கலாம். இன்னொன்று வெல்டிங். சட்டத்தில் ஒரு விரிசலை ஒட்டவைக்கும்போது வெல்டிங்காரர் எர்த் கம்பியை வசதியான ஏதோ ஓரிடத்தில் மாட்டிவிடுவார். மின்சாரம் பேரிங்கின் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவற்றின் முகத்தில் சிறு சிறு கொப்புளங்களை உண்டாக்கும். வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த்தை மாட்டச் சொன்னால் இது நேராது.

புதுப் பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது விசை உள்வளையத்தின் மேல் மட்டும் விழவேண்டும். இறுக்கமாக ஏறும் வகையானால் பேரிங்கை எண்ணெயில் 80, 90 டிகிரி வரை சுடவைத்து ஏற்றுவதே முறை; நேரடி நெருப்பு கூடாது. தேய்ந்த ஷாஃப்ட்டில் உளிமுனையால் புள்ளி புள்ளியாகக் குத்தியோ, தகரத் துண்டைச் சுற்றியோ பேரிங்கை இறுக்கி உட்கார வைக்கும் வித்தை பட்டறைகளில் பழக்கத்தில் உள்ளது. மாலைவரை ஓட்டுவதற்கு அது உதவலாம். 1000 சுற்றில் ஓடும் கனத்த சக்கரத்துக்கு அது சிகிச்சையே அல்ல. லேத் பட்டறையில் ஷாஃப்ட்டை உலோகம் ஏற்றிக் கடைந்து வாங்கவேண்டும், அல்லது புதிது போடவேண்டும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டு மலைக்கிறவர், தகரம் வைத்துப் போட்ட மூன்று பேரிங்குகளின் விலையைக் கூட்டிப் பார்க்கட்டும்.

கிரீஸைப் பற்றிப் பொதுவாக ஒரு பிரமை உண்டு. எவ்வளவு அடைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று. பேரிங்கின் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை இருந்தால் போதும். திணித்து அடைத்த கிரீஸ் உள்ளே கடைபட்டுச் சூடேறும். ஓரத்து ரப்பர் சீலையும் வெளியே தள்ளிவிடும். சீல் பிதுங்கினால் அந்த வழியாக மட்டைத் தூள் உள்ளே போகும். லித்தியம் வகை கிரீஸ் போட்ட பேரிங்கில், கையில் கிடைத்த வேறு வகையைக் கலப்பதும் கூடாது. சில வகைகள் கலந்தால் இளகி ஒழுகிவிடும். நிப்பிளைத் துணியால் துடைத்த பிறகே கன்னை வைக்கவேண்டும். துடைக்காமல் அடித்தால் முதலில் உள்ளே போவது நிப்பிள் வாயில் ஒட்டிய மண்தான்.

"ஆண்டுக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு பேரிங்கை மாற்றிவிடுங்கள்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நாள்தோறும் வாடகைக்கு ஓடும் இயந்திரத்துக்கு அது ஒருவேளை பொருந்தலாம். 5 ஏக்கர் தோப்பும், ஆண்டில் 20 நாள் ஓட்டமும் உள்ளவருக்கு அது வீண். அவருடைய பேரிங் ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பதே அதிகம். அவர் மாற்ற வேண்டியது பேரிங்கை அல்ல. இயந்திரம் நிற்கும் இடத்தை.

வாடகை இயந்திரத்தில் யார் பொறுப்பு?

சொந்த இயந்திரம் வைத்திருப்பவர் சிலரே. பெரும்பாலான சிறு விவசாயிகள் வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ, மானியத்தில் அமைந்த வாடகை மையங்களிடமோ, பக்கத்து ஊர் உரிமையாளரிடமோ மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். முந்திய தோப்பில் தேய்ந்த பேரிங் இவர் தோப்பில் இறுகி நிற்கும்போது பழி இவர் தலையில் விழுகிறது. இயந்திரம் நின்ற நேரத்துக்கும் சேர்த்து வாடகை கேட்கப்படுகிறது. ஆட்களின் அன்றைய கூலியும் வீணாகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களையும் மட்டைகளையும் அப்புறப்படுத்துவதே பெரும்பாடாயிற்று. அத்தகைய நேரத்தில் ஓர் இயந்திரம் ஒரு வாரம் நின்றால் எத்தனை தோப்புகள் காத்துக் கிடக்க நேரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே இயந்திரம் கைமாறும்போதே நெம்பிப் பார்க்கும் சோதனையை இருவரும் சேர்ந்து செய்வது கட்டாயமாக வேண்டும். இயந்திரத்துடன் ஒரு குறிப்புப் புத்தகம் போகவேண்டும். அதில் ஓடிய மணி, கிரீஸ் அடித்த தேதி, பேரிங் மாற்றிய தேதி, அதன் எண், பிளேடு தீட்டிய நாள் ஆகியவை இருந்தால் போதும். சக்கரம் எழும்புகிறது என்று கண்டால் அந்த இயந்திரத்தை வாங்க மறுக்க விவசாயிக்கு உரிமை வேண்டும். திரும்பக் கொடுக்கும்போதும் அதே சோதனையைச் செய்தால், யாரிடம் கெட்டது என்ற வழக்கே எழாது. இதற்கு அரை மணி நேரம் யார் செலவழிப்பது என்று மையங்கள் கேட்கக்கூடும். பேரிங் இறுகி இயந்திரம் நின்ற பிறகு உதிரிப் பாகத்துக்காக டவுனுக்குப் போய் வருகிற ஒரு நாளை யார் செலவழிக்கிறார்கள் என்பதே அதற்கு விடை.

பயிற்சி முகாம்களிலும் ஒரு மாற்றம் தேவை. புது இயந்திரத்தில் மட்டையை ஊட்டிக் காட்டி, தூள் பறப்பதைப் பார்த்துக் கூட்டம் கலைந்துவிடுகிறது. அதே முகாமில் தேய்ந்த பேரிங் ஒன்றையும் புதியது ஒன்றையும் உழவர்கள் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் செய்ய வேண்டும். கரகரப்பை ஒரு முறை விரலால் உணர்ந்தவருக்கு மறுமுறை யாரும் விளக்க வேண்டியிராது. சோளத்தட்டை நறுக்கும் தீவனக் கருவி வைத்திருப்பவர்களையும் இம்முகாமுக்கு அழைக்கலாம். அதிலும் பிளேடு பூட்டிய சக்கரமும், அதைத் தாங்கும் பேரிங்கும், எதிரே நிற்கும் ஆளும் உண்டு. அங்கே நிற்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இயந்திரத்தைக் கூரைக்கடியில் கொண்டுவந்து, பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும் அளவுக்கு மட்டும் புதியதை அடித்து, பெல்ட்டைத் தளர்த்தி வைக்கவேண்டும். பத்து நாளுக்கு ஒரு முறை புல்லியைப் பிடித்துச் சக்கரத்தைச் சில சுற்றுச் சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நிற்காமல் வேறிடத்தில் நிறுத்தி வைத்தால், மழைக்காலம் முழுவதும் குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து துருப்பிடிக்காது. தை மாதம் வெளியே எடுக்கும்போது, மட்டை ஊட்டுவதற்கு முன், ஒரு முறை நெம்பிப் பார்த்துவிட வேண்டும்.